அடிச்ச பிறகு அமுக்கு

பிப்ரவரி 2

டேய் மூட்டை,

நீ நல்லாத்தான் இருப்பே. தினமும் காலைல சாமி முன்னாடி நிக்கறப்போ உன் பேரையும் சேத்துத்தான் சொல்றேன், அதனால நல்லா இருக்கியான்னு கேக்கற வேலையை விட்டுட்டேன். பதினோரு தடவை போன் பண்ணினேன். மணி அடிக்குது, நீ எடுக்கல. பன்னெண்டாவது தடவை மணியே அடிக்கல. "உன் நம்பரைத் தடுத்து வெச்சுட்டான்"னு உங்க மாமா சொல்றார். பெத்த அப்பாவோட கூடப்பொறந்த தங்கச்சியைத் தடுத்து வெக்கற அளவுக்கு அந்தப் போனுக்கு வசதி இருக்கு பாத்தியா! சரி. தபால்காரரை உன்னால தடுக்க முடியாது. எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சது இன்னைக்கு உபயோகமாச்சு.

விஷயத்துக்கு வர்றேன். நம்ம குட்டி இங்கயே ஆட வர்றான். மார்ச் முதல் வாரம். உங்க மாமா முப்பது வருஷம் புல் வெட்டற வண்டி ஓட்டினாரே, அதே கோல்ஃப் மைதானம். அப்பா புல் வெட்டின இடத்துல மகன் பெரிய பெரிய ஆளுங்களோட நின்னு ஆடப் போறான். சாமி எனக்கு இதைக் காட்டறதுக்குத்தான் கண்ணுல பொரை விழாம வெச்சிருக்கு. ஆனா முப்பத்திமூணு வயசாச்சு அவனுக்கு. தோள்பட்டை வலி வேற. இந்த வருஷம் சரியா ஆடலைன்னா பெரிய போட்டிக்குள்ள போற அனுமதி போயிடுமாம். அப்புறம் ஏதாவது கிளப்புல தொப்பை வெச்ச பெரிய மனுஷங்களுக்கு குச்சி புடிக்கச் சொல்லிக்குடுக்கற வேலைதான்.

அதுக்குள்ள எனக்கு ஒரு படம் வேணும்டா. அவன் ஆடற மாதிரி, முகம் நேரா தெரியற மாதிரி ஒரே ஒரு படம் இந்த வீட்டுல இல்ல. பேப்பர்ல வந்ததெல்லாம் முதுகு, இல்லாட்டி தொப்பி. நானே எடுத்துக்கலாம்னு இருக்கேன்.

அதுல ஒரு சங்கடம். என்னைக் கிட்ட வரக்கூடாதுன்னுட்டான். நான் வாய்க்குள்ள சாமி பேரைச் சொல்றது அவன் காதுல விழுதாம். "எண்பது அடி தள்ளி நில்லும்மா"ன்னான். பெத்தவளுக்கு அடிக்கணக்கு! அதனால தூரத்துல இருக்கறதைக் கிட்ட காட்டற கேமராவா வேணும்.

இங்க இருக்கற பெரிய கடைக்குப் போனேன். டை கட்டின ஒருத்தர் பீரங்கி மாதிரி ஒண்ணைத் தூக்கிக் கைல குடுத்தார். வாங்கின உடனே நான் முன்னாடி சாஞ்சுட்டேன். "எதைம்மா படம் எடுக்கப் போறீங்க, பறவையா?"ன்னார். "என் பையனை"ன்னேன். "பையன் அவ்வளவு தூரத்துலயா இருக்கார்?"ன்னு கேட்டார் பாரு, எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு. திரும்பி வந்துட்டேன்.

நீதான் சொல்லணும். கேமராவும் தெரிஞ்சு கோல்ஃபும் தெரிஞ்சவன் நம்ம குடும்பத்துல நீ ஒருத்தன்தான். உன் கடையிலயே வாடகைக்குத் தர்றியாமே.

பழசை மனசுல வெச்சுக்காதே. ஆறு வருஷம் ஆயிடுச்சு. நீ சத்தம் பண்ணினே, அவனுக்கு அடி தப்பிடுச்சு, அவனோட குச்சிப் பையைத் தூக்கற வேலையை விட்டு உன்னை அனுப்பிட்டான். சின்ன வயசுல நடக்கறதுதான். நான் உன்னை அப்பவே மன்னிச்சுட்டேன்.

அத்தை

பிப்ரவரி 7

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தங்கள் இரண்டாம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. எங்கள் கடையை நாடியமைக்கு நன்றி.

பொருத்தமான கேமராவைச் சொல்வதற்குச் சில விவரங்கள் தேவை. தாங்கள் நிற்கப்போகும் இடத்திலிருந்து ஆட்டக்காரர் எவ்வளவு தொலைவில் இருப்பார்? (எண்பது அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அது கயிற்றிலிருந்தா, அவரிடமிருந்தா?) பார்வையாளர்கள் கொண்டுவரும் கேமராவுக்கு அந்தப் போட்டியில் என்ன விதிகள்? நாள் முழுக்க நடந்தபடி எவ்வளவு எடையைக் கழுத்தில் தாங்க முடியும்? மூக்குக்கண்ணாடி உண்டா? வெயில் எந்தப் பக்கம் இருக்கும்?

கடைசியாக ஒன்று. இதற்கு முன் கேமரா கையாண்ட அனுபவம் உண்டா? உண்டு என்றால் கடைசியாக எப்போது, எந்த இடத்தில்?

தங்கள் கடிதத்தின் இறுதிப் பத்தியில் மன்னிப்பு ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. நாங்கள் அதைக் கேட்டதாகப் பதிவு இல்லை. திருப்பி அனுப்ப வழி இல்லாததால் ஓரமாக வைத்திருக்கிறோம்.

மேலும், 'மூட்டை' என்ற பெயரில் எங்கள் கடையில் யாரும் வேலை பார்க்கவில்லை.

இப்படிக்கு,
பழுது பார்ப்பவர்

பிப்ரவரி 11

பழுது பார்ப்பவராம்! டேய், உன் மூக்கை நான் துடைச்சு விட்டிருக்கேன்டா. நான் உனக்கு வாடிக்கையாளரா? படிச்ச உடனே அந்த லெட்டரைக் கிழிச்சுப் போடலாம்னு நெனச்சேன். பின்பக்கம் காலியா இருந்துச்சு, அதுல சாமான் லிஸ்ட் எழுதிட்டேன்.

சாமிக்குப் பயந்து நடக்கறவ நான். யார்கிட்டயும் ஒரு சொல் மறைச்சதில்ல. உனக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பொண்ணு பாத்தப்போ அந்த வீட்டுக்காரங்க என்கிட்ட விசாரிச்சாங்களே, அப்பக்கூட "தங்கமான பையன், கவனம் மட்டும் கொஞ்சம் போதாது, அதனாலதான் ஒரு வேலை போச்சு"ன்னு உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவங்க வேண்டாம்னுட்டாங்க, அது வேற விஷயம். நாளைக்குத் தெரிஞ்சா நம்மளைக் கேக்க மாட்டாங்களா? அப்படிப்பட்டவளுக்கு நீ எழுதற லெட்டரா இது?

கேட்டதுக்கு பதில் எழுதறேன், வாங்கிக்கோ.

எண்பது அடி அவன்கிட்டேர்ந்து. கயிறு கட்டி இருக்கற இடம் நாப்பது அடியாம். அதுக்கும் பின்னாடி ஒரு நாப்பது அடி நான் தள்ளி நிக்கணும். எட்டாவது குழிக்கு அடிக்கற இடத்துக்கு எதிர்ல ஒரு மேடு இருக்கு, அங்க நின்னா முன்னாடி இருக்கறவங்க தலை மறைக்காதுன்னு உங்க மாமா சொல்றார். காலைல பத்து மணி வரைக்கும் வெயில் நம்ம முதுகுல அடிக்கும், அவன் முகத்துல விழும்னும் சொன்னார். முப்பது வருஷம் அந்த மேட்டைச் சுத்தி வண்டி ஓட்டினவர், தப்பா இருக்காது.

விதி எல்லாம் ஒரு காகிதத்துல அச்சடிச்சுக் குடுத்திருக்காங்க. போட்டி நடக்கற நாலு நாளும் கேமராவே உள்ள விடமாட்டாங்க. முன்னாடி மூணு பயிற்சி நாள் மட்டும் விடுவாங்க. லென்ஸு ஒரு சாணுக்கு மேல நீளம் கூடாது. மூணு கால் ஸ்டாண்டு கூடாது, ஒத்தக் கால் ஸ்டாண்டும் கூடாது. பளிச்சுன்னு லைட்டு அடிக்கக் கூடாது. சத்தம் கூடாது. இதைப் படிச்சா நாமளே உள்ள போகக் கூடாது போல இருக்கு.

எடை விஷயம். ரெண்டு கிலோ சக்கரைப் பையைக் கயிறு கட்டிக் கழுத்துல மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள நடந்து பாத்தேன். கால் மணி நேரத்துல பின்கழுத்து வெட்டிடுச்சு. ஒரு கிலோவுக்குக் குறைச்சேன். அதை மாட்டிக்கிட்டே துணி தொவச்சேன், காயப்போட்டேன், சாமி கும்பிட்டேன், ஒண்ணும் தெரியல. பக்கத்து வீட்டம்மா என்ன வேண்டுதல்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்.

கண்ணாடி போடுவேன். அனுபவம் எல்லாம் ஒண்ணும் இல்ல.

சீக்கிரம் பதில் போடு. மனுஷன் எழுதற மாதிரி போடு.

அத்தை

பிப்ரவரி 15

அத்தை,

மனுஷன் எழுதற மாதிரியே எழுதறேன். உக்காந்துக்கிட்டுப் படிங்க.

"அனுபவம் எல்லாம் ஒண்ணும் இல்ல." இந்த ஒரு வரியை மட்டும் நான் எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியல. கடையில ஒரு கேமராவைக் கழட்டிப் போட்டிருந்தேன். திருகாணி எல்லாம் மேஜை மேல கெடக்கு. அப்படியே விட்டுட்டு இதை எழுத உக்காந்துட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி, தேர்வுப் போட்டி, கடைசிக் குழி. இடது பக்கம் தண்ணி. குட்டி அந்த ஒரு அடியை நேரா அடிச்சிருந்தா அந்த வருஷமே மேல போயிருப்பான். நான் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு அஞ்சு அடி தள்ளி நிக்கறேன். மூச்சுக்கூட மெதுவாத்தான் விடறேன். அவன் கை பின்னால போச்சு. உச்சிக்குப் போச்சு. அப்ப வந்துச்சு ஒரு 'பீப்'. அடுத்து ஒரு 'டக்'. பந்து தண்ணிக்குள்ள.

போன் அப்படிக் கத்தாது அத்தை. அது சின்ன வெள்ளிக் கலர் கேமரா. குறி கெடைச்சா 'பீப்', அமுக்கினா 'டக்'. அந்த மாடல்ல நூறு கேமராவாவது நான் கழட்டி மாட்டியிருப்பேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். அன்னைக்கு கண்ணைக் கட்டலை. நான் பாத்தேன். பிரார்த்தனைப் புத்தகத்தை விரிச்சு அதுக்கு நடுவுல வெச்சு எடுத்தீங்க. புத்தகத்தை நீங்க பட்டுன்னு மூடினதும் தெரியும்.

அன்னைக்குக் காலைல சாப்பிடற இடத்துல அவன் உங்ககிட்ட என்ன சொன்னான்? "அம்மா, இன்னைக்கு உன்கிட்டேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சுன்னா இனிமே என் ஆட்டத்துக்கு நீ வரவே கூடாது." நானும் அங்கதான் இருந்தேன். அதனாலதான் அவன் திரும்பி "யாருடா?"ன்னு கத்தினப்போ, "என் போன்தான் மச்சான்"னு சொன்னேன். பையைத் தூக்கறவன் வேலையில அதுவும் ஒண்ணு. ஆடறவனுக்கு யார் மேலயாவது கோபம் வரணும்னா அது நம்ம மேல வரட்டும்னு நிக்கணும். ரெண்டு நிமிஷம் திட்டுவான், அடுத்த பந்தை எடுத்து வெப்பான்னு நெனச்சேன். அவன் என் தோள்லேர்ந்து பையைப் புடுங்கிக்கிட்டு, அத்தனை பேர் முன்னாடி, "போடா"ன்னான்.

என் போன் அன்னைக்கு என்கிட்டயே இல்ல. பேட்டரி செத்து வண்டியில கெடந்துச்சு.

நான் உங்களைப் பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க குனிஞ்சு புல்லைப் பாத்துக்கிட்டு வாய்க்குள்ள முணுமுணுன்னு சாமி பேரைச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. அப்ப சாமிகிட்ட என்ன கேட்டீங்க அத்தை? எனக்குத் தெரியணும்.

அதைக்கூட விட்டுட்டேன். வேற தொழிலுக்கு வந்தேன், ஒரு மூலையில உக்காந்து மத்தவங்க உடைச்சதை ஒட்டிக்கிட்டு இருக்கேன். ஆனா பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட "கவனம் போதாது"ன்னு சொன்னீங்கன்னு இப்பத்தான், உங்க கையெழுத்துலயே தெரியுது. உள்ளதை உள்ளபடி சொன்னீங்களாமே! அதுக்கு மேல என்னை மன்னிக்க வேற செய்யறீங்க!

கேமரா கிடையாது. அந்த டை கட்டினவர்கிட்டயே வாங்கிக்கோங்க.

மூட்டை இல்லை.

பிப்ரவரி 18

ஏன்டா ஆறு வருஷமா வாயைத் திறக்கல?

உன்னை யார் கேட்டா? நான் கேட்டேனா? நீ அன்னைக்கு சும்மா நின்னிருந்தா அவன் என்னைத் திட்டியிருப்பான், நான் அழுதிருப்பேன், ரெண்டு நாள் பேசாம இருந்திருப்போம், முடிஞ்சு போயிருக்கும். பெத்தவளையும் புள்ளையையும் யாரு பிரிச்சு வெக்க முடியும்? நீ நடுவுல பூந்து ஒரு பொய்யைச் சொன்னே. அந்தப் பொய்யை நான் எப்படிடா உடைக்கறது? அன்னைக்கு சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பாத்தேன். வாய் தானா சாமி பேருக்குப் போயிடுச்சு. மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன். மறுநாள் அதுக்கு மறுநாள் ஆச்சு. ஒரு மாசம் கழிச்சு சொன்னா ஏன் ஒரு மாசம் சொல்லலைன்னு கேப்பான். ஒரு வருஷம் கழிச்சு சொன்னா இன்னும் மோசம். இப்படியே போச்சு. போகப் போக, நீதான் பண்ணினேன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். மத்தவங்ககிட்ட சொல்லச் சொல்ல அது நெஜம் மாதிரியே ஆயிடுச்சு.

என்ன கேட்டேன்னு கேட்டியே. அவன் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கல. சாமி அதைக் குடுத்துடுச்சு.

அந்த வெள்ளிக் கேமராவை நான் அப்புறம் தொடவே இல்ல. சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சேன். ஆறு வருஷமா தினமும் காலைல அதுக்கு முன்னாடிதான் நின்னு கும்பிடறேன். உன் பேரை அங்க நின்னுதான் சொல்றேன். இது உனக்குத் தெரியாது, சாமிக்குத் தெரியும், சாமி என்னைப் பாத்து இத்தனை நாளா என்ன நெனச்சுதோ.

சொல்றேன்டா. அவன்கிட்ட சொல்றேன். போட்டி முடியட்டும். முன்னாடி சொன்னா அவன் கை நடுங்கும். நீ கேமரா அனுப்பினாலும் சரி, அனுப்பாட்டியும் சரி.

ஆனாலும் உன் மேல எனக்குக் கோபம்தான்.

அத்தை

பிப்ரவரி 23

அத்தை,

போட்டி முடியட்டும். அப்புறம் அடுத்த போட்டி முடியட்டும். அப்புறம் தோள்பட்டை சரியாகட்டும். உங்களை எனக்குத் தெரியாதா?

கேமரா இந்தப் பார்சல்ல இருக்கு. நீங்க கேட்டதுக்காக அனுப்பலை. எட்டாவது மேட்டுல நீங்க வேற எதையாவது தூக்கிட்டுப் போய் மறுபடியும் 'டக்'குன்னு வெச்சா, இந்தத் தடவை பையைத் தூக்கிட்டு நிக்கற ஆளு மாட்டுவான். அவனுக்காக அனுப்பறேன்.

பெரிய லென்ஸ் போட்டது வேண்டாம். எடை மூணு கிலோ, வாசல்லயே சாண் வெச்சு அளந்து திருப்பி அனுப்பிடுவாங்க. உள்ள கண்ணாடி தூக்கி எறக்கற பழைய மாடல் படம் நல்லா வரும், ஆனா ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தற மாதிரி சத்தம். அது நம்ம குடும்பத்துக்கே ஆகாது. இது லென்ஸு உடம்போடயே சேந்து இருக்கறது. மூடி வெச்சா ஒரு சாண் கூட இல்ல. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல, உங்க சக்கரைப் பையை விட ஒரு பிடி கூட, அவ்வளவுதான். எண்பது அடியில இருக்கறவன் முகத்தை அஞ்சு அடியில இருக்கற மாதிரி காட்டும். கண்ணை வெக்கற இடத்துல பக்கத்துல ஒரு சின்னச் சக்கரம் இருக்கு, உங்க கண்ணாடிக்குத் தகுந்த மாதிரி திருப்பிக்கலாம்.

எல்லாச் சத்தத்தையும் அணைச்சுட்டேன். பீப், டக், லைட்டு, எல்லாம். சத்தத்தைத் திருப்பிப் போடற பொத்தான் மேல கறுப்பு டேப் ஒட்டியிருக்கேன். அதைப் பிரிச்சீங்கன்னா இனிமே இந்த ஜென்மத்துல உங்க லெட்டரைப் பிரிக்க மாட்டேன்.

சத்தமே இல்லாம எடுத்தா ஒரு குறை உண்டு. குச்சி வேகமா வர்றப்போ படத்துல வளைஞ்சு தெரியும். மேலேர்ந்து கீழ கொஞ்சம் கொஞ்சமாத்தான் இது படத்தைப் படிக்கும், அதுக்குள்ள குச்சி நகர்ந்துடும். வளைஞ்சா வளையட்டும்.

முக்கியமான விஷயம் இதுதான். குச்சி பின்னால போறப்போ விரல் பொத்தான் மேலயே இருக்கக் கூடாது. பந்துல பட்ட சத்தம் உங்க காதுல விழுந்த அப்புறம் அமுக்குங்க. அமுக்கிக்கிட்டே இருங்க, வரிசையா எடுக்கும். எப்படியும் அடிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் கீழதான் பாப்பாங்க. அடிச்ச பிறகுதான் தலை நிமிரும். உங்களுக்கு வேணுங்கற முகம் அப்பத்தான் தெரியும்.

பேட்டரி ரெண்டு இருக்கு. வார் அகலமானது, கழுத்தை வெட்டாது.

வேற ஒண்ணும் எழுத இல்ல.

மார்ச் 10

இப்ப திருப்தியாடா உனக்கு?

மூணாவது பயிற்சி நாள், புதன்கிழமை போனேன். வாசல்ல ஒரு பொண்ணு கேமராவை வாங்கி அச்சடிச்ச அட்டை ஒண்ணை வெச்சு அளந்து பாத்துச்சு. அரை விரக்கடை மிச்சம் இருந்துச்சு. உன்னை மனசுக்குள்ள ஒரு தடவை நல்லபடியா நெனச்சேன். அந்த ஒரு தடவைதான்.

வாய்க்குள்ள சாமி பேர் வந்துடக் கூடாதுன்னு ஒரு மிட்டாயை அடக்கி வெச்சுக்கிட்டேன். எட்டாவது மேட்டுல மாமா சொன்ன இடத்துல, காலைல எட்டரைக்கே போய் நின்னுட்டேன். பழகறதுக்காக வர்றவங்க போறவங்களை எல்லாம் எடுத்தேன். பந்துல பட்ட சத்தம் கேட்ட அப்புறம்தான் அமுக்கினேன். சத்தியமா.

ஒன்பதரைக்கு குட்டி வந்தான். அவனுக்குப் பை தூக்கறவர் தலை நரைச்ச பெரியவர், கொஞ்சம் கெந்திக் கெந்தி நடக்கறார். நான் எண்பது அடி தள்ளித்தான் நின்னேன். கேமரா வழியாப் பாக்கறேன், என் புள்ளை மூக்கு நுனியில இருக்கற வேர்வை தெரியுது. எத்தனை வருஷம் ஆச்சுடா அவனை அவ்வளவு கிட்ட பாத்து.

குச்சி பின்னால போச்சு. என் விரல் பொத்தான் மேல இல்ல. மேல போச்சு. அப்ப எனக்கு ரெண்டு ஆள் தள்ளி நின்ன ஒரு தடியனோட போன் டிங்குன்னு கத்துச்சு. பந்து மரத்துக்குள்ள போச்சு.

குட்டி கூட்டத்தைத் திரும்பிக்கூட பாக்கல. நேரா அந்தப் பெரியவர் பக்கம் திரும்பி, "போனை அணைச்சு வைங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"ன்னான். அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "சாரி சார், என்னோடதுதான்"னார். தலை குனிஞ்சுட்டார். நரைச்ச தலைடா. போன் வெச்சிருந்த தடியன் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறான்.

நீ எழுதின லெட்டர் என் பையிலதான் இருந்துச்சு. நான் குனிஞ்சு புல்லைப் பாக்கல. அதை மட்டும் உன்கிட்ட சொல்லிக்கறேன்.

மிட்டாயைத் துப்பிட்டேன். "அவர் இல்லடா!"ன்னு கத்தினேன். என்னோட குரல் அவ்வளவு பெருசுன்னு எனக்கே தெரியாது. "அவர் இல்லடா குட்டி! அன்னைக்கும் அவன் இல்லடா! நான்தான்டா! தண்ணிக்குள்ள போச்சே, அது என் கேமராடா!" யாரோ 'உஸ்ஸு'ன்னாங்க. "இது பயிற்சி நாள்தானேங்க"ன்னேன். இறங்கி நடந்தேன். நாப்பது அடி, கயிறு வரைக்கும்.

அவனும் கயிறு வரைக்கும் வந்தான். "எந்த அன்னைக்கு?"ன்னான். அவனுக்குத் தெரியும்டா, தெரிஞ்சுக்கிட்டே கேட்டான். புத்தகத்துக்கு நடுவுல வெச்சு எடுத்ததைச் சொன்னேன். உன் போன் வண்டியில கெடந்ததைச் சொன்னேன். பொண்ணு வீட்டுல சொன்னதையும் சொன்னேன், அது எதுக்கு சொன்னேன்னு தெரியல, வாய் நிக்கல. அவன் என்னைப் பாத்துக்கிட்டே நின்னான். அப்புறம் திரும்பிப் போய் அந்தப் பெரியவர்கிட்ட ஏதோ சொன்னான். அவர் தலையை ஆட்டினார். அடுத்த குழிக்குப் போயிட்டாங்க.

அன்னைலேர்ந்து என்கிட்ட பேசல. போட்டி நாலு நாளும் நான் போகல. அவன் வரவேண்டாம்னு சொல்லல, அதைச் சொல்றதுக்குக்கூட அவன் போன் பண்ணல. உங்க மாமா போனார். கடைசி நாள் வரைக்கும் ஆடினானாம், நடுவுல எங்கயோ முடிச்சிருக்கான். அனுமதி நிக்குமா போகுமான்னு இன்னும் ரெண்டு போட்டி கழிச்சுத்தான் தெரியுமாம்.

போட்டி முடிஞ்சப்புறம்தான் சொல்றதா இருந்தேன். உன்னாலதான் முன்னாடியே சொல்லித் தொலைச்சேன். அவன் தோத்தா அது உன் தலையில. இல்ல, என் தலையிலதான். ஆனா உன் தலையிலயும் கொஞ்சம்.

படம் வந்துச்சான்னே தெரியல. எதைத் தொட்டாலும் மெனு வருது. அந்தச் சின்ன கார்டை மட்டும் உருவி இதோட வெச்சிருக்கேன். கத்தினப்போ விரல் எங்க இருந்துச்சுன்னு எனக்கு நெனவில்ல.

அத்தை

மார்ச் 16

அத்தை,

கார்டைப் போட்டுப் பாத்தேன். பாதிக்கு மேல புல்லு. மாமாவுக்குக் காட்டினா சந்தோஷப்படுவார். அப்புறம் யாரோ ஒருத்தரோட காது, நெறைய தொப்பி, ஆகாசம். ஒரு படத்துல குச்சி அருவா மாதிரி வளைஞ்சிருக்கு.

கடைசியில வரிசையா சில படங்கள் இருக்கு. நீங்க கத்தினப்போ விரல் பொத்தான் மேலதான் இருந்துச்சு. சத்தமே இல்லாம எடுத்துக்கிட்டே இருந்திருக்கு. முதல் படத்துல குட்டி அந்தப் பெரியவரைத் திட்டிக்கிட்டு இருக்கான். அடுத்ததுல காதைத் திருப்பறான். அப்புறம் தலை. அப்புறம் நேரா லென்ஸைப் பாக்கறான். தொப்பி நிழல் இல்ல, வெயில் முகத்துல முழுசா விழுது, மாமா சொன்ன மாதிரியே. கண்ணுல இமை முடி எண்ணலாம். நான் அனுப்பி வெச்ச கேமராவுல இதுவரைக்கும் யாரும் இவ்வளவு தெளிவா ஒரு முகத்தை எடுத்ததில்ல.

அதை மட்டும் பெருசாப் போட்டு இதோட வெச்சிருக்கேன். வேண்டாம்னா கிழிச்சுப் போட்டுடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல.

குட்டி சனிக்கிழமை கடைக்குப் போன் பண்ணினான். மன்னிப்பெல்லாம் கேக்கல. "அன்னைக்கு என் பையில என்னென்ன குச்சி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"ன்னான். பதினாலையும் வரிசையா சொன்னேன். எது கைப்பிடி தேஞ்சிருந்துச்சுன்னும் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டான். அப்புறம் வெச்சுட்டான்.

எனக்கு இன்னும் கோபம் போகல அத்தை. கத்திச் சொல்லிட்டீங்க, சரி. ஆறு வருஷம் ஒரு கத்தல்ல சரியாயிடுமா? பொண்ணு வீட்டுக்காரங்களுக்கும் ஒரு லெட்டர் எழுதுங்க. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, தெரியும். ஆனாலும் எழுதுங்க.

கேமராவைப் பத்து நாளைக்குள்ள பார்சல்ல அனுப்புங்க. அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருக்கார்.

மார்ச் 26

டேய்,

பொண்ணு வீட்டுக்கு எழுதிட்டேன். அந்தம்மா உடனே பதில் போட்டிருக்காங்க, "நீங்க யாருங்க?"ன்னு. மறுபடியும் எழுதியிருக்கேன்.

படம் வந்துச்சு. மாமா பாத்துட்டு, பின்னாடி தெரியற புல்லை யாரோ சரியா வெட்டலைன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தார்.

முகம் நேரா தெரியற மாதிரி ஒண்ணு வேணும்னு கேட்டேன்ல. கெடைச்சுடுச்சு. அவனுக்கு அவ்வளவு கோபம் வரும்னு எனக்குத் தெரியாது. ஆனா என்னைத்தான் பாக்கறான். அதைக் கிழிக்கச் சொல்றியே, உனக்கு அறிவிருக்கா?

வெள்ளிக் கேமராவை சாமி படத்துக்குப் பின்னாடிலேர்ந்து எடுத்துட்டேன். அந்த எடத்துல இந்தப் படத்தை வெச்சிருக்கேன். பின்னாடி இல்ல, பக்கத்துல.

உன் கேமராவைப் பார்சல்ல அனுப்ப மாட்டேன். அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருந்தா இருக்கட்டும். வேணும்னா நீ வா. லெட்டர்ல திட்டினதெல்லாம் எனக்குப் பத்தல. நேர்ல வந்து, என் மூஞ்சியைப் பாத்து, எவ்வளவு நேரம் வேணும்னாலும் திட்டு. நான் வாய்க்குள்ள ஒண்ணும் முணுமுணுக்க மாட்டேன். திட்டி முடிச்சப்புறம் வாங்கிட்டுப் போ.

டேப்பைப் பிரிக்கல.

அத்தை